ஆணியில் தொங்கிய சட்டை

வெள்ளைச் சட்டை போட்ட ஆண்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஓர் எரிச்சல் வரும். அவர்கள் ஒரு பாவமும் செய்திருக்க மாட்டார்கள். எல்லாம் ஒரு மனிதரால் வந்தது. ஆபீசில் அவரை டிராயிங் சார் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் அழைத்ததில்லை. எனக்கும் இங்கே அந்தப் பெயர் வேண்டாம்.

திருவண்ணாமலையில் சின்னக்கடைத் தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, கட்டட கான்ட்ராக்டர் ஒருவரின் ஆபீஸ் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முன் அறையில் முதலாளியும் நானும். உள் அறையில் ஜன்னலை ஒட்டிச் சாய்த்து வைத்த பெரிய பலகை, அதன் முன்னால் உயரமான ஸ்டூல், அதில் டிராயிங் சார். ஊரில் எழும்பப் போகிற லாட்ஜும் மண்டபமும் வீடும் முதலில் அவர் கையில், கண்ணாடி போன்ற காகிதத்தில், மைக்கோடாக வரும். அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. கையைத் துடைக்காமல் எதையும் தொடக் கூடாது. ஒருமுறை நான் முறுக்கு தின்ற கையோடு ஒரு பிளானை எடுத்துவிட்டேன். அவர் எண்ணெய் பட்ட இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புதுக் காகிதத்தை விரித்து, முழுப் பிளானையும் மறுபடி வரைய உட்கார்ந்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

சட்டையும் அப்படித்தான். தினமும் வெள்ளை, தினமும் கஞ்சி போட்டுத் தேய்த்தது. காலர் மடிப்பில்கூட அழுக்கு இருக்காது. மூக்குப்பொடி விற்கிற கடைக்காரர் எதிரே வந்தால்கூடத் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார் என்று முதலாளி கிண்டல் செய்வார், நானும் சேர்ந்துகொள்வேன்.

காலைக் காபி ஆனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் திரும்புவார். போன சட்டை போனபடியே வரும்.

"எங்க சார் போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டால், "சும்மா, சைட்டை ஒரு பார்வை பாத்துட்டு வந்தேம்மா" என்பார்.

அத்தனை நேரம் சும்மா பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஆனால் திரும்பி வந்ததும் அவர் கையிலிருந்து சோப்பு வாசனையும், அதற்கு அடியில் லேசாக மண்ணெண்ணெய் வாசனையும் வரும். சைக்கிள் செயினைத் துடைத்திருப்பார் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வருவார். கட்டட வேலையில் ஆள் விழுந்து அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பாரத்தைக் கம்பெனி தலையில் இறக்கி வைக்கத்தான் பாலிசி. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், எல்லோரும் அதில் சேர்த்தி. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. பேனா குத்தி யார் சாகப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் சேர்ந்த வருஷம் ஏஜென்ட் என்னைப் பார்த்து, "டைப்பிஸ்ட் ஆபீஸ், சந்தேகமே இல்ல" என்றார். பிறகு உள் அறைப் பக்கம் தலையை ஆட்டி, "டிராயிங் போடறவரு எப்படிங்க? ஆபீஸா, சைட்டா? சைட்டுக்குப் போறவருன்னா சேத்துக்கலாம். பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும், அவ்ளோதான்" என்றார்.

"அவரையே கேளுங்க" என்றார் முதலாளி.

டிராயிங் சார் வாசல்படி வரைக்கும் வந்து நின்றார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"என்னைப் பாத்தா சைட் ஆள் மாதிரி தெரியுதுங்களா? சித்தாளுங்களோட சேத்து என்னையும் எழுதுவீங்களா? நான் ஆபீஸுங்க. ஆபீஸ்னே போட்டுக்குங்க."

ஏஜென்ட் நல்ல மனிதர். "கௌரவம் பாக்காதீங்க சார். நாளைக்கு ஒண்ணுன்னா கம்பெனி இதைத்தான் கேக்கும்" என்றார்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டூலில் போய் ஏறிக்கொண்டார்.

முதலாளி சிரித்தார். ஏன் சிரிக்கமாட்டார்? சைட்டைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைக்கிற வேலையும் மிச்சம், பிரீமியமும் கம்மி. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஏஜென்ட் அதே கேள்வியைக் கேட்டார், இவர் அதே பதிலைச் சொன்னார்.

ஏஜென்ட் முதல்முறை வந்துபோன அன்றைக்கு நான் சும்மா இருக்காமல், "சித்தாள்னா அவ்ளோ கேவலமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கம்மா சித்தாளும்மா" என்றார். "சும்மாடு வச்சு வச்சு உச்சந்தலையில முடியே கிடையாது. தலை சீவறப்ப அந்த எடத்த மட்டும் முந்தானையால மூடிக்குவாங்க. நான் ஐ.டி.ஐ. பாஸ் பண்ணப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. நீ நெழல்ல உக்காந்து சம்பாதிக்கணும்டா, உன் துணியில மண்ணு படக் கூடாதுடான்னு."

அன்றிலிருந்து அவர் சட்டையை நான் கிண்டல் செய்வதை விட்டேன். எரிச்சல் மட்டும் போகவில்லை.

சைட்டில் அவர் யார் என்பதைப் பச்சையம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பச்சையம்மா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் முதலாளியிடம் வெகுகாலமாகச் சித்தாள். சனிக்கிழமை கூலி வாங்க வருகிறபோது பாத்திரக் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து என்னோடு வாயடிப்பாள். புடவைக்கு மேலே ஏதாவதொரு பழைய ஆம்பிளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பாள். கட்டட வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். சிமென்ட் தண்ணீர் மேலே சிந்தாமல் இருக்கும்.

ஒரு கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் டிராயிங் சாரைக் குடும்பத்தோடு பார்த்தேன். மனைவி பட்டுப் புடவையில், இரண்டு பெண்களும் பட்டுப் பாவாடையும் பூவுமாக. நான் போய்ப் பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மா எதிரே வந்துவிட்டாள். "இன்னா சாரு, நல்லாக்கிறீங்களா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். அவர் மலையைப் பார்த்தார். தீபம் ஏற்ற இன்னும் நேரம் இருந்தது. மலையில் பார்க்க ஒன்றுமில்லை. அவர் மனைவி, "யாருங்க அது?" என்று கேட்க, "தெரியலையே, யாரையோ நெனச்சிக் கேக்கறாங்க" என்று சொல்லி நடந்துவிட்டார்.

எனக்குக் காது சுட்டது. பச்சையம்மா சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குக் கோவமே வராதா?" என்று அவளிடம் கேட்டேன்.

"வூட்டம்மா கூட இருந்தா பேசமாட்டாரு பாப்பா. சைட்ல அவரு வேற ஆளு. நீ பாத்தா நம்பமாட்டே" என்றாள்.

அப்போதுதான் எல்லாம் சொன்னாள். அப்போது வேங்கிக்கால் பக்கம், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வாட்ச்மேன் கொட்டகையில் ஒரு ஆணி. ஆணியில் நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை ஒன்று, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. டிராயிங் சார் போனதும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஒரு செய்தித்தாளில் சுற்றி மேலே வைப்பார். நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறிவிடுவார். கம்பி கட்டுகிறவர்களுக்குப் பிளான் படிக்கத் தெரியாது. ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார், இரண்டாம் தடவை தானே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்துவிடுவார். மழை வருகிற மாதிரி இருந்தால் இவர்களோடு வரிசையில் நின்று ஜல்லி அள்ளிய பாண்டுச் சட்டியைக் கை மாற்றுவார். பச்சையம்மா கொண்டுவந்த கூழை வாங்கிக் குடிப்பார். கிளம்புகிற நேரத்தில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்ப்பார், பிறகு சோப்பு, பிறகு வெள்ளைச் சட்டை. நீலச் சட்டையை வாரத்துக்கு ஒருமுறை துவைத்து மாட்டுவது பச்சையம்மா.

"சாரத்து மேல குந்திகினு பாட்டெல்லாம் பாடுவாரு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவர் ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்த ஐப்பசியில், மண்டபத்து மேல்தளத்துக்குக் கம்பி கட்டுகிற சமயம், மழையில் ஊறியிருந்த சாரப் பலகை ஒன்று முறிந்துவிட்டது. டிராயிங் சார் கீழே விழுந்தார். உடம்பு முழுக்க வலது கை மேல் விழுந்திருக்கிறது. பச்சையம்மாவும் இன்னொருத்தியும் ஓடித் தூக்கினார்கள். மணிக்கட்டு தொங்குகிறது, ரத்தம் வருகிறது. லாரியைக் கொண்டுவர ஆள் ஓடியாகிவிட்டது. அந்த வலியிலும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சட்டையை மாத்திவுடும்மா."

"இப்ப இன்னாத்துக்கு சாரு?"

"மாத்திவுடு."

மாற்றினாள். ஒடிந்த கையை வெள்ளைச் சட்டைக்குள் நுழைக்கும்போது அவர் போட்ட சத்தம் கொல்லை தாண்டிக் கேட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது வெள்ளைச் சட்டையோடுதான் படுத்திருந்தார். கைப்பக்கம் ரத்தம். வேறு கறை இல்லை. மனைவியிடம், சைட்டை எட்டிப் பார்க்கப் போன இடத்தில் கால் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தார்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. பேனா நிற்கவில்லை. ஒருநாள் ஆபீசுக்கு வந்து ஸ்டூலில் ஏறி இடது கையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கோடு நடுங்கிக்கொண்டு போனது. அதையும் பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் இறங்கினார்.

முதலாளி கொஞ்ச நாள் சம்பளம் கொடுத்தார். அப்புறம், "கம்பெனியைக் கேட்டேன் சார், ஆபீஸ் ஆளுக்குக் கெடையாதுன்னுட்டாங்க. நீங்களே சொன்னதுதானே?" என்று கையை விரித்தார். உள் அறைக்கு வேறு பையன் வந்தான். டிராயிங் சார் வீட்டில் மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிற பேச்சு ஆரம்பித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். வக்கீல் இளைஞர், விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"பாலிசியில என்ன எழுதியிருந்தா என்ன சார், நெஜமா என்ன வேலை செஞ்சீங்கன்றதுதான் கேள்வி. சைட்ல கையால வேலை செஞ்சேன்னு நீங்க சொல்லணும். பாத்த சாட்சி சொல்லணும். அப்ப நீங்க தொழிலாளி, நஷ்டஈடு உண்டு. மேல்பார்வைதான் பாத்தேன், நான் ஆபீஸுன்னு சொன்னீங்கன்னா அதோட கதை முடிஞ்சுது."

"சொல்லிடுவாருங்க" என்றேன் நான். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

விசாரணை வேலூரில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னால். நானும் பச்சையம்மாவும் சாட்சிகள். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போனால் அங்கே எனக்கு வேலை இருக்காது என்று தெரியும். தெரிந்துதான் போனேன். பச்சையம்மா ஒரு மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை. மண்டபம் முடிந்து கொட்டகையைப் பிரித்தபோது ஆணியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். "அவரு ஆமான்னு சொன்னதும் இதைக் காட்டலாம்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். டிராயிங் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். பித்தானெல்லாம் மனைவி போட்டுவிட்டது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளி தரப்பு வக்கீல் பதமாகக் கேட்டார்.

"தெனமும் சைட்டுக்குப் போவாருன்றீங்க. அங்க வேலை செஞ்சதக் கண்ணால பாத்தீங்களா?"

"நான் சைட்டுக்குப் போனதில்லைங்க."

"திரும்பி வர்றப்ப சட்டையில சிமென்ட் இருக்குமா?"

"இருக்காது. அவரு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில பாத்தீங்களே, என்ன சட்டை?"

"வெள்ளை."

"அதுல சிமென்ட்?"

"இல்லைங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லி ஒரு மனிதரை நானே கிணற்றில் தள்ளுகிற மாதிரி இருந்தது.

பிறகு பச்சையம்மா. ஆணி, சட்டை, கம்பி, பாண்டு, கூழ், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அடிபட்ட அன்றைக்குச் சட்டை மாற்றியதையும் சொன்னாள். "யார் சொல்லிக் குடுத்தது?" என்று முதலாளி தரப்பு வக்கீல் அதட்டினார். "இன்னிக்குக் கூலிய வுட்டுட்டு வந்திருக்கறேன் ஐயா. பொய் சொல்றதுக்கா வருவேன்?" என்றாள். விசாரிக்கிற அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். நம்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அதிகாரி டிராயிங் சார் பக்கம் திரும்பினார். குரலில் கனிவு இருந்தது.

"இந்தம்மா சொல்றது நெஜமா? இவங்களோட சேந்து நீங்க வேலை செஞ்சீங்களா? உங்க வாயால சொல்லிடுங்க."

ஒரு ஆமாம். அது போதும். அவர் மூத்த பெண் பள்ளிக்கூடம் போகும். பச்சையம்மா பையின் காதுகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள், எடுக்கத் தயாராக.

அவர் பச்சையம்மாவைப் பார்த்தார். வழக்கம்போல் அவள் புடவைக்கு மேலே போட்டிருந்த பழைய சட்டையைப் பார்த்தார். பிறகு தன் காலரைச் சரிசெய்ய வலது கையைத் தூக்கினார். அது வரவில்லை. இடது கையால் சரிசெய்துகொண்டார்.

"நான் டிராயிங் போடறவங்க. சைட்ல மேல்பார்வைதான். கை வச்சதில்லீங்க" என்றார். பிறகு, "அந்தம்மா வேற யாரையாவது பாத்திருப்பாங்க" என்றார்.

பச்சையம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எங்கள் வக்கீல் யாரையும் பார்க்காமல் காகிதங்களை அடுக்கினார்.

திரும்பும்போது போளூரில் பஸ் நின்றது. பச்சையம்மா இறங்கிப்போய் டீ வாங்கி வந்தாள். அவருக்கு டம்ளர் சூட்டைத் தாங்கிப் பிடிக்க வரவில்லை. அவளே ஆற்றி, அவர் இடது கையில் கொடுத்தாள்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "கூலி ஆளுன்னு எழுதிடுவாங்கம்மா. எழுதிக் கீழ என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வாங்க. எங்கம்மா உயிரோட இல்ல. இருந்தாலும் இல்லாட்டியும்..."

"எந்தக் கையால சார் கையெழுத்துப் போடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் வலது கையை மடியில் வைத்து மேல்துண்டால் மூடிக்கொண்டார். அப்படிக் கேட்டதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. அழுகைதான் வருகிறது.

இருட்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நாங்களும் கூடவே நடந்தோம். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி வாசலுக்கு வந்து, "இன்னாங்க ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்வது? பச்சையம்மா மஞ்சள் பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினாள். துவைத்து, தேய்க்கக்கூடச் செய்திருந்தாள்.

"சாருதும்மா. கொட்டாயில இருந்துது."

அந்த அம்மா சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தாள். முழங்கைப் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. எத்தனை துவைத்தும் போகாத சிமென்ட் திட்டு விளிம்பில் இருந்தது.

"இது அவருது இல்லீங்களே. அவரு இந்த மாதிரியெல்லாம் போடவேமாட்டாரு" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, இது உங்களுதா?" என்று கேட்டாள்.

நாற்காலி தெரிந்தது. அவர் முதுகு தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். பச்சையம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"இல்லம்மா, தப்பாத் தூக்கினு வந்துட்டேன். இது மேஸ்திரிது. ஆபீஸ் சாருக்கு எதுக்கு இந்தச் சட்டை?" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே அவள் தெரு முனை வரைக்கும் நடந்தாள். "இன்னும் உனக்குக் கோவம் வரலையா?" என்று கேட்க நினைத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

நாங்கள் நினைத்தபடியே முடிவு வந்தது, ஒன்றும் கிடையாது என்று. என் டைப்ரைட்டர் முன்னால் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். டிராயிங் சாரின் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு, ஆபீசுக்குக் கீழே இருந்த பாத்திரக் கடையிலேயே பில் போடச் சேர்ந்தாள். அவர் வெளியே வருவது குறைந்தது. வந்தால் வெள்ளைச் சட்டைதான்.

அந்தக் கோடையில் நான் வேறொரு வேலைக்காகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய முதலாளி ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். சாரத்தில் வரிசையாகச் சித்தாள்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று, தலையில் பாண்டோடு, மேலே போய்க்கொண்டிருந்தது. பச்சையம்மா. ஆள் கிடைக்காத சமயம், சாட்சி சொன்னவள் என்று பார்க்காமல் மேஸ்திரி எடுத்திருப்பார். சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கையை மடித்துவிட்டிருந்தாள்.

அந்த வருஷமும் ஏஜென்ட் வந்து போயிருப்பார், சித்தாள்கள் எல்லோரையும் பாலிசியில் சேர்த்திருப்பார். அந்தச் சட்டைக்கு இப்போது இன்ஷூரன்ஸ் இருந்தது.